அண்ணனின் மூச்சுக்கு ஏற்ற புத்தகங்கள்

மார்ச் 4

எளிமையாக வாழ்வது பற்றிப் புத்தகம் கேட்டு வங்கியில் வேலை பார்க்கும் அம்மாள் வந்தார். இரண்டு கையிலும் துணிக்கடைப் பைகள். இருப்பதிலேயே தடியான புத்தகத்தை எடுத்தார். “அது வேணாம்மா, அதை வைக்கவே தனியா அலமாரி வாங்கணும்,” என்றேன். சிரித்துவிட்டார். தீவில் தனியாக வாழ்ந்த ஒருத்தி எழுதிய மெல்லிய புத்தகத்தைக் கொடுத்தேன்.

“நீங்களும் இப்படித்தானா?” என்றார்.

கடைக்கு மேலே ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவர் நிறையப் புத்தகம் என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 9

அண்ணனை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். ஆயுள் முழுக்க லாரிகளுக்குப் பெயின்ட் அடித்த நுரையீரல். இனித் தனியாக இருக்க முடியாது என்கிறார் டாக்டர். அண்ணி போனபின் அவருக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்?

அவர் மகள் வெளியூரிலிருந்து போன் செய்தாள். தையல் ஆலையில் ஒப்பந்தம், ஜூன் முடியும்வரை விடமாட்டார்களாம். “அதுவரைக்கும் அப்பாவை உங்ககூட வச்சிக்க முடியுமா அத்தை?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 10

யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் யோசித்தேன். நாள் முழுக்க.

மார்ச் 13

அறை சின்னது, படி செங்குத்து, பகலெல்லாம் கடை என்று அவளிடம் சொன்னேன். எல்லாம் உண்மைதான். “சரி அத்தை,” என்று வைத்துவிட்டாள்.

மாலையில் அண்ணனைப் பார்க்கப் போனேன். பத்திரிகைகூடப் படிக்காதவர், “படிக்க ஏதாவது கொண்டா” என்று கேட்டிருந்தார். ஆழ்கடல் மீன்கள் பற்றிய படப் புத்தகம் கொண்டுபோனேன். தலையில் விளக்கு தொங்கும் மீனைப் பார்த்ததும், “இவன் கரண்டு பில்லே கட்ட வேணாம்,” என்றார். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆனது.

பிறகு சாதாரணமாகத்தான் சொன்னார். “உன்னைக் குறை சொல்லல. ஆனா நீ எளிமை எளிமைங்கறியே, யாரும் வந்து தங்கிடக் கூடாதுன்னுதானே?”

பேருந்தில் திரும்பும்போது இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மார்ச் 17

அண்ணன் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். ஜன்னலோரக் கட்டில். “நல்லாத்தான் இருக்கு. பேச்சுத் துணைக்கு ஆளிருக்கு,” என்றார். பக்கத்துக் கட்டில்காரருக்குச் சுத்தமாகக் காது கேட்காது.

மார்ச் 22

இப்போது அவரால் புத்தகத்தைப் பிடிக்க முடியவில்லை. நான் வாசிக்கிறேன். இன்று ஒன்று கவனித்தேன் — நீளமான வாக்கியம் வந்தால், நான் முடிக்கும்வரை அவரும் மூச்சை அடக்கிக்கொள்கிறார். முடிந்ததும் திணறுகிறார். வந்ததும் அலமாரி அலமாரியாகத் தேடினேன். சின்னச் சின்ன வாக்கியமாக யார் எழுதியிருக்கிறார்கள்? கடைசியில் ஒரு தபால்காரரின் சாலைக் குறிப்புகள் கிடைத்தன. ‘மழை நின்றது. பாலம் கடந்தேன். நாய் குரைத்தது.’

இத்தனை வருஷமாக எத்தனை பேருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். யார் மூச்சையாவது கவனித்தேனா?

மார்ச் 26

சொல்லிவிட்டேன். “சனிக்கிழமை வண்டி வரும். என்கூட வந்துடுங்க அண்ணா.”

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். “குறட்டை விடுவேன். அப்புறம் புலம்பக் கூடாது,” என்றார்.

மார்ச் 28

பக்கத்துத் தச்சர் வந்து இரண்டு அலமாரிகளைக் கழற்றினார். புத்தகங்கள் கீழே கடைக்குள் குவிந்து கிடக்கின்றன. புதுக் கட்டில் மாடிப்படியில் திரும்பாமல் மாட்டிக்கொண்டது. கட்டில் காலைக் கழற்றித்தான் ஏற்றினோம். ஜன்னல் தெரிகிற மாதிரி போட்டாயிற்று. விரிப்பும் விரித்தாயிற்று.

மார்ச் 29

காலையிலேயே இல்லத்திலிருந்து போன் வந்தது. அண்ணன் போயிட்டாராம்.

வண்டிக்காரர் கீழே ஹாரன் அடிச்சிட்டிருந்தார். அவர்கிட்ட என்னன்னு சொல்றது?

ஏப்ரல் 2

எல்லாம் முடிந்தது. ஊருக்குக் கிளம்பும்போது அவர் மகள் சொன்னாள்: “முதல்லயே கூட்டிட்டு வந்திருக்கலாம் அத்தை.” கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 11

வங்கி அம்மாள் வந்தார். புத்தகம் ரொம்பப் பிடித்துவிட்டதாம். பாதிச் சாமானைக் கொடுத்துவிட்டாராம். விருந்தாளிகளுக்கான மெத்தைகளையும் கொடுக்கப் போகிறாராம். “அடுத்து என்ன படிக்கலாம்?”

“மெத்தை இருக்கட்டும்மா,” என்றேன். குரல் உடைந்துவிட்டது. அவர் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். என் கடையில் எனக்கே.

மே 6

அண்ணன் மகளுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

மே 19

எடுத்தாள். ஒப்பந்தம் முடிந்ததும் இங்கே வருகிறாயா என்று கேட்டேன். “அங்க இடம் ஏது அத்தை?”

“இருக்கு,” என்றேன்.

ஜூலை 2

வந்துவிட்டாள். இரண்டு பெட்டி, ஒரு தையல் மிஷின், மூட்டை மூட்டையாய்த் துணி. அறையில் நடக்க வழியில்லை. வந்த கொஞ்ச நேரத்துக்குள் மிஷினில் முட்டியை இடித்துக்கொண்டேன். அண்ணனைப் பற்றி இருவருமே இன்னும் பேசவில்லை. சாப்பிடும்போது ஒருமுறை இருமினாள். நான் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. “புரையேறிடுச்சு, அவ்ளோதான்,” என்றாள், என்னைப் பார்க்காமல்.

இப்போது குளிக்கப் போயிருக்கிறாள். உள்ளேயிருந்து ஏதோ கேட்கிறாள், தண்ணீர்ச் சத்தத்தில் புரியவில்லை. மறுபடியும் கூப்பிடுகிறாள்.

என்னவென்று போய்ப் பார்க்க வேண்டும்.