போடாத சுவிட்ச்

டீச்சர், பள்ளிக்கூட வாசலில் உங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருக்கிறார்கள். 'எந்தப் பிள்ளையையும் கைவிடாத தாய்' என்று போட்டிருக்கிறது. திருவொற்றியூர் பஸ்ஸுக்காக நின்ற நான் அதைப் படித்ததில் பஸ்ஸை விட்டுவிட்டேன். செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். அந்த நாகரிகமெல்லாம் எனக்கு வராது.

ரோசியை மறந்திருக்க மாட்டீர்கள். காசிமேட்டில் மீன் விற்பவளின் மகள், அப்போது ஏழு வயது, தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்த பெண். சளி அடைத்தால் மெஷினால் உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்காகவே அவளோடு வகுப்பில் உட்கார்ந்த நர்ஸ் நான். முதல் நாளே, "இது ஸ்கூலா, ஆஸ்பத்திரியா?" என்று கேட்டீர்கள். மெஷின் சத்தம் தொந்தரவு என்று எங்களைக் கதவோரம் தள்ளினீர்கள். பிள்ளைகள் இரண்டாம் நாளே அந்தச் சத்தத்தை மறந்துவிட்டார்கள். அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தால் என்னை முந்திக்கொண்டு அவர்களே சொல்வார்கள்.

அன்று வராந்தா பிளக்கில் மெஷினைச் சார்ஜ் போட்டிருந்தேன். பிரேயர் மைக்குக்காக நீங்கள் அதைப் பிடுங்கியதைப் பார்த்தேன். முடிந்ததும் திரும்ப மாட்டியதையும் பார்த்தேன். சுவிட்சைப் போடாமல் போனதைத்தான் பார்க்கவில்லை. இரண்டாவது பீரியடில் குழாய் அடைத்தது, மெஷினில் உயிரில்லை. ரோசியின் உதடு நீலம் பாரித்தது. பெரிய சிரிஞ்சில் டியூபை மாட்டிக் கையாலேயே சளியை இழுத்தேன். பிழைத்துக்கொண்டாள்.

ரோசியின் அம்மா ஓடி வந்தாள். உங்களைக் காட்டிக்கொடுத்தால் பிள்ளையின் சீட்டைக் கிழித்துவிடுவீர்கள் என்று பயந்து, சார்ஜ் போட மறந்துவிட்டேன் என்று சொன்னேன். நீங்கள் பக்கத்திலேயே நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"உன்ன நம்பித்தானே சிஸ்டர் வுட்டுட்டு யாவாரத்துக்குப் போறேன்" என்றவள், பையையும் பெண்ணையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு அவள் எந்த நர்ஸையும் நம்பவில்லை, எந்தப் பள்ளிக்கும் மகளை அனுப்பவில்லை.

பேனரைப் பார்த்த ஆத்திரத்தில் நேராகக் காசிமேட்டுக்குப் போனேன். உங்கள் பேர் நாறட்டும் என்றுதான் போனேன், ஒளிப்பானேன். ரோசியின் அம்மா மீன் அரிந்துகொண்டே நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டாள். உங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை.

"அன்னிக்கே சொல்லிருந்தா வேற ஸ்கூல்லயாவது சேத்திருப்பேனே சிஸ்டர். நாலு வருசமா வூட்லயே கீது என் பொண்ணு."

நீங்கள் வாயை மூடிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், டீச்சர். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான்தான் நின்றேன்.