உங்க சாட்சியைச் சொல்லுங்க

6.7.2003, ஞாயிறு
முன்னறையில் இன்றும் பத்துப் பதினைந்து பேர் கூடி ஜெபித்தோம். வழக்கம்போல என் ஜெபம்தான் நீளம். நடுவில் மெல்லக் கண்ணைத் திறந்தால், என் மனைவி ஜெயசீலி முறைத்துக்கொண்டிருக்கிறாள். ஜெபத்தில் கண்ணை மூடாத மனைவி வாய்ப்பதும் ஒரு சிலுவைதான்.

பக்கத்து வீட்டு அய்யம்மாள் அக்கா சுவரோரம் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார். போன சீசனில் பட்டாசு ஆலை விபத்தில் மகன் முனியராஜ் இறந்ததிலிருந்து ஞாயிறுதோறும் இப்படித்தான். பாட மாட்டார், பைபிளைத் தொட மாட்டார். நெற்றித் திருநீறு கலையாமல் வந்து, கலையாமல் போவார்.

8.7.2003
பேச்சில் சொன்னால் புறணி. நாட்குறிப்பில் எழுதினால் சரித்திரம். தாயில்பட்டி டீக்கடை முழுக்க இதே பேச்சு. அய்யம்மாளின் கணவர் தனுஷ்கோடி அண்ணன் என்மேல் மனு கொடுத்திருக்கிறாராம், ஆசைகாட்டி அவர் மனைவியை மதம் மாற்றுகிறேன் என்று. நான் யாருக்கு என்ன ஆசை காட்ட? வழுக்கை, தொப்பை, வாயுத்தொல்லை.

9.7.2003
ஏட்டையா காகிதம் கொண்டுவந்தார். விசாரணை முடியும்வரை வீட்டில் ஜெபக்கூட்டம் கூடாது. சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு வர வேண்டும். புது மதமாற்றத் தடைச் சட்டப்படி குற்றமென்று ஆனால் ஜெயில். வாத்தியார் வேலையும் போகும்.

சிரிப்பு வரவில்லை.

13.7.2003, ஞாயிறு
அய்யம்மாள் அக்கா வந்து, சாத்திய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். தெருமுனையில் தனுஷ்கோடி அண்ணனிடம் கேட்டேவிட்டேன்— ஏன் இப்படி? அவர் கோபப்படவே இல்லை.

"வாத்தியாரே, அவளும் உங்க வேதத்துல சேந்துட்டா எம்மவனுக்கு யாரு படையல் போடுவா? நான் ஒத்தையில நின்னா போட?"

 

23.7.2003
மானம் போச்சு. விசாரணையில் அதிகாரி, "உங்க சாட்சியைச் சொல்லுங்க" என்றார். எனக்காகப் பேச யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்கிறார், மண்டையில் ஏறினால்தானே! சபையில் சாட்சி என்றால் கர்த்தர் நமக்குச் செய்ததைச் சொல்வது. எழுந்து ஒரு ஸ்தோத்திரம் போட்டு, கிணற்றில் விழுந்து பிழைத்ததில் தொடங்கி மஞ்சள் காமாலைக்கு வந்துவிட்டேன். அதிகாரி கையமர்த்தினார். ஜெயசீலி தலையில் அடித்துக்கொண்டாள். மனு கொடுத்த அண்ணனே சிரித்துவிட்டார்.

அடுத்து அய்யம்மாள் அக்கா. அங்கே போக என்ன கொடுத்தார்கள் என்று கேட்டார் அதிகாரி.

"ஒண்ணும் குடுக்கல சார். எங்க வீட்டுல நான் அளுதா இந்த மனுசன் எந்திரிச்சு வெளிய போயிருவாரு. சோறு திங்க மாட்டாரு. அங்கன எல்லாரும் கண்ண மூடியிருப்பாக. அளுதுக்கிடலாம்."

(எல்லாரும் இல்லை என்பது ஜெயசீலிக்குத் தெரியும்.)

மதம் மாறும் எண்ணம் உண்டா என்று கேட்டதற்கு, "எம்மவனுக்குப் படையல் போடணுமே சார்" என்றார், அதிகாரிக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோல.

தனுஷ்கோடி அண்ணன் சுவரில் மாட்டியிருந்த மாவட்ட வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

4.8.2003
அண்ணன் மனுவைத் திரும்பப் பெற்றுவிட்டார். கூட்டம் நடத்தத் தடையில்லை. ஜெயசீலி கேசரி கிண்டினாள்.

10.8.2003, ஞாயிறு
சுவரோர இடத்தைக் காலியாக விட்டு உட்கார்ந்தோம். அய்யம்மாள் அக்கா வரவில்லை. முதல் பாட்டின் பாதியில் பக்கத்து வீட்டில் அழுகைச் சத்தம்— ஆண் குரல். பின்னாலேயே அக்காவின் குரல்:

"அளுங்க. நான் இங்கனதான இருக்கேன்."

யாரும் சொல்லவில்லை, பாட்டு தானாக நின்றது. அவர்கள் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தோம்.