முன்பக்க வலது மூலை

ஜூலை 5, சனி

காலை ஏழு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து கேம்ப் ரோடு தாண்டவே இருபது நிமிடம். முன்னால் ஒரு தண்ணி லாரி, அதன் முன்னால் இன்னொரு தண்ணி லாரி.

இன்று செய்ய நினைத்தவை:
– கவர் பிளேட் புரோகிராமில் கட்டர் கடைசியாகச் சீவும் பாஸின் நேரத்தைக் குறைக்க
– பைக் செயின்
– வெண்ணெய் (வீட்டில் சுமதி மூன்று நாளாகச் சொல்கிறாள்)

ஒன்றும் நடக்கவில்லை. அனகாபுத்தூர் ஷெட்டுக்குள் கால் வைத்ததும் காதர் பாய் (இனி கா.பா., முழுப்பேர் எழுதும் அளவுக்கு எனக்குப் பிரியமில்லை) கையில் மூன்று பிளேட்டோடு நின்றார்.

"சார், உங்க புரோகிராம் ஓரத்த கடிச்சிட்டு கீது."

உங்க புரோகிராம். நான் மாடியில் உட்கார்ந்து கட்டர் போகும் பாதையைக் கம்ப்யூட்டரில் போடுகிறேன், அவர் கீழே ஓட்டுகிறார். பீஸ் நல்லா வந்தால் "மெஷின் சூப்பரா ஓடுது". கெட்டால் "முரளி சார் புரோகிராம்". எட்டு வருஷமாக இதே கதை.

அலுமினிய பிளேட். எல்லா மூலையிலும் 12 மி.மீ. கனம் இருக்க வேண்டும், 0.05 வரை முன்னே பின்னே போகலாம். முன்பக்க வலது மூலை மட்டும்: முதல் பீஸ் 11.80. இரண்டாவது 11.88. மூன்றாவது 11.95, மயிரிழையில் தப்பியது. மற்ற மூன்று மூலையும் சரி.

சாஃப்ட்வேரில் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் பச்சை. இந்தச் சனியனுக்குப் பச்சையைத் தவிர வேறு நிறம் தெரியாது. கட்டர் அந்த மூலையில்தான் உள்ளே இறங்குகிறது, ஆகவே எதிர் மூலைக்கு மாற்றினேன். பத்தரைக்குப் புது புரோகிராம். அடுத்த பீஸ் நாலு மூலையும் 12.00. கீழே போய் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

கா.பா.: "நீங்க மாத்தறதுக்கு முன்னாடியே நாலாவது பீஸு சரியா வந்துச்சி சார்."

காதில் வாங்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

புழுக்கம். ஆற்றுப் பக்கமிருந்து நாற்றம். நாள் முழுக்க பிளேட் எல்லாம் சரி. நான் சரிசெய்தது சரிதான் என்று ஊர்ஜிதம். ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

சாஃப்ட்வேர் தானாக அப்டேட் ஆகி, பத்து வருஷமாக இடப்பக்கம் இருந்த பட்டனை வலப்பக்கம் வைத்திருக்கிறான். எவன் கேட்டான்?

ஜூலை 11, வெள்ளி

கா.பா. பன்னிரண்டரைக்குத் தொழுகைக்குக் கிளம்பி இரண்டுக்கு வந்தார். அந்த நேரம் மெஷின் சும்மா. நான் ஒன்றரை மணிநேரம் டீக்கடையில் நின்றால் விடுவார்களா?

சாயந்திரம் ஓனர் தேவராஜின் பூஜை. இந்த ஷெட் நிற்கும் இடம் அவர் வீட்டு நெல்வயலாக இருந்தது. அதனால் பூமிக்கு, மெஷினுக்கு, மீட்டர் பெட்டிக்கு எல்லாம் வெள்ளி தவறாமல் சந்தனம், குங்குமம். சாம்பிராணிப் புகையில் எனக்கு இருமல். என் மவுஸ் மேலும் ஒரு பொட்டு. அவர் திரும்பியதும் துடைத்தேன்.

ஜூலை 12, சனி

மறுபடியும்!! 11.79. அதே மூலை.

மாடிப்படியில் இறங்கும்போதே கத்தினேன். கா.பா. பதிலுக்குக் கத்தவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு,

"சார், ஒண்ணு சொல்லட்டா? சனிக்கெழம காலைல வேற ஜாப் போட்டுக்கலாம். கவர் பிளேட்ட பத்தரைக்கு மேல ஏத்துனா நல்லா வரும்."

"ஏன் பாய், நீங்களும் ராகுகாலம் பாக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரை. ஷெட்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "நான் சொல்றத சொல்லிட்டேன் சார்" என்று போய்விட்டார். வேலை செய்யாமல் காலையை ஓட்ட ஒரு சாக்கு, வேறென்ன.

கட்டர் சுற்றிவரும் திசையை மாற்றினேன். பத்தே முக்காலுக்கு 12.01. இரண்டாவது முறையும் சரிசெய்தது நான்தான்.

வீட்டில் சொன்னேன். சுமதி: "வெண்ணெய் எங்க?"

ஜூலை 14, திங்கள்

கஸ்டமர் இன்ஸ்பெக்‌ஷனில் இரண்டு பிளேட் திரும்பி வந்தது. சனிக்கிழமை ஓட்டியவை. எப்படி நல்ல பெட்டிக்குள் போனதோ. ஓனர் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"புரோகிராமா, ஆப்பரேட்டரா? எனக்கு ஒரு பதில் வேணும்பா. இன்னொரு தபா ஆச்சுன்னா அவன் ஆர்டரையே தூக்கிடுவான். அப்புறம் உங்க ரெண்டு பேருல ஒருத்தர நான் வெச்சிக்க முடியாது."

கா.பா. தரையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

சந்தேகப் பட்டியல்:
1. கட்டர் தேய்மானம். இல்லை, மற்ற மூலைகள் சரி.
2. பிளேட்டைத் தாங்கும் பிக்ஸ்சர் (போன மாதம்தான் புதிதாகச் செய்தது, நாலு கால் மேல் பிளேட் உட்காரும்). மதியம் அளந்தேன். நாலும் ஒரே உயரம்.
3. புரோகிராம். வாய்ப்பே இல்லை.
4. கா.பா.

ஜூலை 19, சனி

நேற்று ஆடி முதல் வெள்ளி. எங்கள் தெருவில் விடியற்காலையே குழாய் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு. தூக்கம் போச்சு.

முதல் பீஸ் 11.65. இதுவரை இவ்வளவு மோசமாக வந்ததில்லை. இரண்டாவது 11.74. கோபமா பயமா தெரியவில்லை. பயம்தான். பையனுக்கு அடுத்த வருஷம் காலேஜ். முப்பத்தொன்பது வயதில் இன்னொரு கம்பெனிக்குப் போய் இருபத்திமூன்று வயதுப் பயல்களோடு டெஸ்ட் எழுத என்னால் ஆகாது.

உட்கார்ந்து ஓனருக்கு மெயில் போட்டேன். "காரணம்: ஆப்பரேட்டர் கவனக்குறைவு. ஜாப் உட்காரும் இடத்தைத் துடைக்காமல் ஏற்றியது." ஆதாரம் ஏதுமில்லை. காரணம் தெரியாதபோது எல்லா ஷெட்டிலும் எழுதும் வரி அது.

மதியம் ஓனர் அதை கா.பா.விடம் படித்துக் காட்டினார். மறுப்பார், சண்டைக்கு வருவார் என்று நான் பதில்களோடு தயாராக நின்றேன்.

"தொடைக்கலதான் சார்" என்றார். "ஒத்துக்கிறேன்."

ஓனரே எதிர்பார்க்கவில்லை. "இன்னா பாய், பதினோரு வருஷம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். அப்புறம், திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

கா.பா. டிபன் பாக்ஸையும் அளவு பார்க்கும் தன் சொந்த டயல் கேஜையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார். போகும்போது என்னிடம் "வர்றேன் சார்". நான் தலையாட்டினேன். ஜெயித்துவிட்டேன். வெண்ணெய் வாங்கிப் போனேன்.

ஜூலை 21, திங்கள்

புது ஆப்பரேட்டர் கிடைக்கவில்லை. "கொஞ்ச நாளைக்கு நீயே ஓட்டுப்பா." இடுப்பு வலி. கட்டர் மேல் ஊற்றும் கூலண்ட் தண்ணி, மோர் நிறத்தில், சட்டையெல்லாம். நாற்றம் வீடுவரை வருகிறது.

இன்று ஓட்டிய பதினெட்டும் சரி. பாயில்லாமல். குறித்துக்கொள்.

ஜூலை 26, சனி

முதல் பீஸ், முன்பக்க வலது மூலை, 11.66.

நான் ஏற்றியது. என் புரோகிராம். என் கை.

இவ்வளவு நாளும் பிளேட் கழுவித் துடைத்துத்தான் மாடிக்கு வரும். இன்று ஈரத்தோடு கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடியில் அந்த மூலையில் மஞ்சளாக ஒரு வட்டம், நடுவில் சிவப்பு.

பிக்ஸ்சரின் வலது முன் காலில் சந்தனம். காய்ந்து, பிளேட் அழுத்தி, பப்படம்போல் ஒட்டிக் கிடந்தது. ஓரத்தில் கட்டைவிரல் ரேகைகூடத் தெரிந்தது. கதவைத் திறந்தால் முதலில் கைக்கு எட்டும் இடம் அதுதான். வெள்ளி சாயந்திரம் வைப்பது ராத்திரி காய்கிறது. சனி காலை பிளேட் அதன் மேல் உட்கார்ந்து அந்த மூலை தூக்குகிறது. தூக்கிய அளவு கட்டர் கூடுதலாகச் சீவுகிறது. நாலு பீஸுக்குள் கூலண்ட் கரைத்துவிடும், எல்லாம் சரியாகிவிடும். ஆடி வெள்ளிக்குச் சந்தனம் தாராளம். அதனால் 11.65.

என் புரோகிராம் மாற்றம் இரண்டும் வெறும் வேடிக்கை. பாய் சொன்ன பத்தரை மணிக்குள் சந்தனம் தானே கரைந்திருக்கிறது.

தண்ணி டேங்க் பின்னால் போய் போன் போட்டேன். உடனே எடுத்தார்.

"பாய், சந்தனம்."

"பாத்துட்டீங்களா சார்."

"தெரிஞ்சா துடைக்க வேண்டியதுதானே? இல்ல வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே!"

"இன்னான்னு சார் சொல்றது? ஓனரு அவரு கையால வெச்ச பொட்டு. நான் துணிய எடுத்து அத தொடச்சிகினு நிக்கிறத எவனாச்சும் பாத்தா இன்னா நெனப்பான்? அவராண்ட போய் உங்க சாமி பொட்டால பீஸு போவுதுன்னு சொல்ற ஆளா நானு? அதான் பத்தரைக்கு மேல ஏத்தலாம்னு உங்களாண்ட சொன்னேன். உங்களுக்குப் புரியும்னு பாத்தேன்."

யார் காதிலாவது விழுகிறதா என்று சுற்றிலும் பார்த்தேன்.

"நீங்க சொல்லலாம் சார். உங்களுக்கு இன்னா. நீங்க சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டாரு."

"வேலை?"

"இன்னும் கெடைக்கல. ரெண்டு எடத்துல சொல்லி வெச்சிருக்கேன். அங்கேர்ந்து எதுக்கு அனுப்புனாங்கன்னு கேக்கறாங்க."

ஜூலை 28, திங்கள்

ஓனர் ரூமுக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை போனில் இருந்தார். இரண்டாம் முறை அவரே ஆரம்பித்தார்: "பாய அனுப்புனதுலேர்ந்து மனசே சரியில்லப்பா. இன்னா பண்றது, நீ எழுதிக் குடுத்துட்டே. அவனும் ஒத்துக்கினான்."

சொல்ல வேண்டியது: சார், பொட்டை அந்தக் கால் மேல் வைக்காதீர்கள். ஒரே வரி. ஆனால் அதைச் சொன்னால், எப்போதிலிருந்து தெரியும், அந்த மெயில் என்ன, எல்லாம் வரும்.

"ஆமா சார்" என்றேன்.

சனிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மூன்றாம் ஆடி வெள்ளி. எலுமிச்சம்பழம், வேப்பிலை, புகை. பக்கத்தில் நின்று பார்த்தேன். கதவு, ஸ்கிரீன், பிறகு குனிந்து உள்ளே கையை விட்டு வலது முன் காலில், அழுத்தி. நிமிர்ந்து கைகூப்பினார். நானும் கூப்பினேன்.

நாளைக் காலை யாரும் வருவதற்கு முன் போய்த் துடைத்துவிட்டால் தீர்ந்தது. சொல்லவே தேவையில்லை. பாய் விஷயம் அப்புறம்.

ஆகஸ்ட் 2, சனி

ஆறரைக்கே போய்விட்டேன். ஈரத்துணி கையில். கதவைத் திறந்தேன்.

"இன்னா முரளி, சீக்கிரமே வந்துட்டே?" பின்னால் ஓனர். இன்று கஸ்டமர் வருகிறாராம், முதல் பீஸை அவரே பார்க்க வேண்டுமாம். நெற்றியில் புதுத் திருநீறு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகராமல் நின்றார்.

பொட்டு அவருக்கும் தெரிகிறது, எனக்கும் தெரிகிறது.

"அடியில நல்லா தொடச்சியா? பாய் மாரி வுட்டுடாத."

அவர் கேட்டது அலுமினியத் துகளை. பொட்டு அவருக்கு அழுக்கில் சேராது.

துணியைப் பேன்ட் பாக்கெட்டில் திணித்தேன். தொடை நனைந்தது.

"தொடச்சாச்சு சார்."

ஏற்றினேன். 11.66.