ஆஸ்கர் கூப்பிட்ட பந்து

1909 ஜூலை 6, செவ்வாய்

கார்பெரியில் வெற்றி. நல்ல வெயில். காயாத சீருடையையே போட்டுக்கொண்டு ஆடினோம். ஆட்டம் தொடங்கும் முன்பே காய்ந்துவிட்டது.

வேலியோரம் ஒரு தடியன் முதலிலிருந்தே ஆஸ்கரைப் பார்த்து, "ஏய் ஊமை! உன் அம்மா கூப்பிடறா, கேக்குதா?" என்று கத்திக்கொண்டிருந்தான். அவன் என்ன சொல்கிறான் என்று ஆஸ்கர் கையசைவில் என்னைக் கேட்டான். "உன் மீசை நல்லா இருக்காம்" என்றேன். ஆஸ்கர் தொப்பியைக் கழற்றி அவனுக்கு ஒரு பெரிய வணக்கம் வைத்தான். கூட்டமே சிரித்தது. தடியன் அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

வெல்டன் பேஸ்பால் அணியில் இரண்டு வருஷமாக எனக்கும் அவனுக்கும் ஒரே அறை. கையால் பேச அவன்தான் கற்றுக்கொடுத்தான். மற்றவர்களுக்கு அதில் பொறுமை இல்லை. ஆட்டத்துக்கு எங்களிடம் ஒரே ஒரு விதிதான். நாங்கள் கத்துவது அவனுக்குக் கேட்காது. ஆகவே உயரப் போன பந்துக்கு அவன் குரல் கொடுத்துவிட்டால் அது அவன் பந்து, நாங்கள் விலகிவிட வேண்டும். மிரண்ட வாத்து கத்துகிற மாதிரி ஒரு குரல். ஒருமுறை கேட்டவன் மறக்கமாட்டான்.

ஆகஸ்ட் 14, சனி

மழை. ஆட்டம் இல்லை. ஆஸ்கர் என் ஷூவைத் தைத்துக் கொடுத்தான்.

செப்டம்பர் 15, புதன்

நாங்களும் கார்பெரியும் சமநிலையில் நிற்கிறோம். சனிக்கிழமை ஆட்டத்தில் ஜெயிப்பவர்களுக்குத்தான் கோப்பை. ஊரில் வேறு பேச்சே இல்லை.

மேனேஜர் டூலன் என்னைத் தனியே அழைத்தார். "பெரிய லீக்லேர்ந்து ஒரு ஆள் வர்றாரு. ஃபிட்ச் பந்து போடறதப் பாக்க வர்றதா சொல்றாங்க. ஆனா இடது பக்கம் நிக்கிறவன் யாருன்னு விசாரிச்சாராம். அது நீதான்டா! உனக்கும் வயசாகுது அமோஸ், இன்னொருத்தன் வரமாட்டான். கண்ணுல படற மாதிரி ஏதாவது பண்ணு."

ஆஸ்கரிடம் சொன்னேன். என்னைவிட அவன்தான் அதிகம் குதித்தான்.

செப்டம்பர் 18, சனி

தோற்றுவிட்டோம். எழுத முடியவில்லை.

செப்டம்பர் 19, ஞாயிறு

தேவாலயத்துக்குப் போகவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

கடைசிச் சுற்று. ஒரு ஓட்டம் முன்னால் இருந்தோம். இன்னும் ஒருவனை வெளியேற்றினால் கோப்பை எங்களுக்கு. அவர்கள் ஆட்கள் இருவர் ஓடக் காத்து நின்றார்கள். அடித்தவன் மட்டையில் பட்டு பந்து உயரே எழும்பி எனக்கும் ஆஸ்கருக்கும் நடுவில் வந்தது. அவன் பக்கம்தான் அதிகம். சுலபமான கேட்ச். கூட்டம் போட்ட இரைச்சலில் வேறு எதுவும் கேட்டிருக்காது.

எனக்குக் கேட்டது.

ஆஸ்கர் கூப்பிட்டான். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. வாத்துக் குரல். நன்றாகக் கேட்டது. நான் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை? அந்தப் பெரிய லீக் ஆள் முதல் வரிசையில் வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். கோப்பையை ஜெயிக்கிற கேட்ச் என் கையில் விழ வேண்டும் என்று... அவ்வளவுதான். வேறு காரணம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

மோதினோம். பந்து புல்லில் விழுந்தது. அவர்கள் இருவரும் ஓடி முடித்துவிட்டார்கள். என் தோள் அவன் வாயில் இடித்து ரத்தம் கொட்டியது.

எழுந்ததும் ஃபிட்ச் ஓடிவந்து கத்தினான்: "குரல் கொடுக்காம என்னடா புடுங்கின, ஊமப்பயலே!" ஆஸ்கருக்கு அது கேட்கவில்லை. ஃபிட்ச் என்னைப் பார்த்து, "உனக்கு அடி பட்டுச்சா?" என்றான்.

இல்லை என்று தலையாட்டினேன். அப்போதே சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 20, திங்கள்

டூலன் என்னைக் கூப்பிட்டார், மொழிபெயர்க்க. அவருக்குக் கையால் பேச வராது. "அவன்கிட்ட சொல்லு. அடுத்த வருஷம் அவன் வேண்டாம். செவிட நடுவுல நிக்க வச்சது என் தப்பு, ஊரே என்னத் திட்டுது. நல்லவிதமா சொல்லு, கெட்டவன் இல்ல."

நான் சொன்னேன். என் கையாலேயே சொன்னேன்.

ஆஸ்கர் உதடு வீங்கி நின்றான். கோபப்படவில்லை. என்னிடம் மட்டும் கேட்டான்: "நான் கூப்பிட்டேன்னுதான் நெனச்சேன். தொண்டை அதிர்ந்துது. ஆனா குரல் வெளிய வந்துதான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீதான் பக்கத்துல இருந்த. கேட்டுதா?"

டூலனுக்கு எங்கள் பேச்சு புரியாது. உண்மையைச் சொல்லியிருந்தாலும் அந்த அறையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரிந்திருக்கும். அப்படியிருந்தும்...

"இல்லை" என்றேன்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு என் தோளைத் தட்டி, "அப்ப உன் மேல தப்பில்ல. உனக்கு வலிக்கலியே?" என்று கேட்டான்.

ஐயோ.

செப்டம்பர் 24, வெள்ளி

வெள்ளைத் தொப்பிக்காரர் வசந்த காலத்தில் என்னைச் சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார். "கடைசிவரைக்கும் பந்த விடாம ஓடினான் பாரு, அதான் புடிச்சிருக்கு" என்றாராம்.

அறையில் ஆஸ்கரின் கட்டில் காலி.

அக்டோபர் 9, சனி

முடிவெட்டும் கடையில் ஒருவன் ஆஸ்கர் மாதிரி கத்திக் காட்டினான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

அக்டோபர் 17, ஞாயிறு

ஆஸ்கரின் ஊருக்குப் போனேன். ரயிலில் போகும் வழியெல்லாம், சும்மா பார்க்கத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவன் மாமாவின் செருப்புக் கடையில் வேலை செய்கிறான். கடைக்குப் பின்னால்தான் வீடு.

அவன் அக்கா மின்னா கதவைத் திறந்தாள். அவளுக்குக் காது கேட்கும். என் பெயரைச் சொன்னதும் உள்ளே கூப்பிட்டு காப்பி கொடுத்தாள். "நல்லவேளை நீங்களே வந்தீங்க. ஒரு உதவி பண்ணணும். தினமும் சாயங்காலம் தொழுவத்துக்குப் பின்னால போய்க் கத்தறான். என்னக் கொண்டுபோய் தூரத்துல நிக்க வச்சு, 'கேட்டுதா, கேட்டுதா'ன்னு கேக்கறான். கேட்டுதுடான்னா நம்ப மாட்டேங்கறான். 'நீ அக்கா, அப்படித்தான் சொல்லுவ. பக்கத்துல நின்ன அமோஸுக்கே கேக்கல'ங்கறான். வேற ஊர் டீம்காரங்க வந்து கூப்பிட்டாங்க. 'என் குரல் போச்சு, நான் போனா யாருக்காவது அடிபடும்'னு அனுப்பிட்டான். நீங்க சொன்னா நம்புவான். ஒருவாட்டி கேட்டுட்டு, கேக்குதுன்னு சொல்லுங்களேன்."

கோப்பையும் கையுமாக எழுந்தேன்.

கடைக்குள் போய்க் கோப்பையைப் பலகையில் வைத்தேன். ஆஸ்கர் என்னைப் பார்த்து எழுந்து வந்து கட்டிக்கொண்டான். கை முழுக்கத் தையல் நூலுக்குத் தடவும் மெழுகு. அவனைத் தள்ளி நிறுத்தினேன். "நீ கூப்பிட்ட" என்று சொன்னேன். "ரெண்டு வாட்டி கூப்பிட்ட. எனக்குக் கேட்டுது. கேட்டும் ஓடி வந்தேன். அப்புறம் பொய் சொன்னேன்."

புரியாத மாதிரி பார்த்தான். திரும்பவும் சொன்னேன். மின்னா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏன் என்று சொல்லத் தொடங்கினேன். வெள்ளைத் தொப்பி, பெரிய லீக், வயது, டூலன்... ஆஸ்கர் இரண்டு கையையும் நீட்டி என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து கீழே அழுத்தினான். கைப்பேச்சில் அதற்குமேல் வாயை அடைக்க வழியில்லை. நான் அடங்கும்வரை பிடித்திருந்தான். பிறகு விட்டுவிட்டு, போய் உட்கார்ந்து ஒரு செருப்பின் அடியட்டையைத் தைக்கத் தொடங்கினான்.

மின்னா காசு கேட்கிறவளைப் போலக் கையை நீட்டினாள். பலகையில் இருந்த காப்பிக் கோப்பையைக் கேட்கிறாள் என்று புரிந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, நான் வெளியே வந்ததும் கதவைச் சாத்தினாள்.

அக்டோபர் 19, செவ்வாய்

முடிவெட்டும் கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். ஃபிட்சும் இருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவர்கூட சிரிக்கவில்லை. நாவிதர் கத்தியைத் துடைத்துவிட்டு, "அடுத்து யாரு?" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

ஃபிட்ச் வெளியே வந்து கேட்டான்: "ஏன்டா இப்ப சொல்ற? அவன நான் என்னென்ன பேசினேன்!" அழுதுவிடுவான் போலிருந்தது.

அக்டோபர் 21, வியாழன்

டூலன்: "உன்ன யாராவது கேட்டாங்களா? வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா இந்நேரம் பெரிய லீக்குக்குப் போயிருப்ப. இப்ப அவனும் இல்ல, நீயும் இல்ல. ரெண்டு இடத்துக்கு ஆள் தேடணும் நான்." வெள்ளைத் தொப்பிக்காரர் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை. தெருவில் போகும்போது இப்போது எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

1910 மார்ச் 12, சனி

ஆல்டர் க்ரீக் அணியில் இடம் கிடைத்தது. சின்ன ஊர். வாரநாளில் மாவு மில்லில் மூட்டை தூக்க வேண்டும். களத்தில் பசு மேய்கிறது.

மே 7, சனி

கார்பெரி அணி பயிற்சி ஆட்டத்துக்கு வந்தது. அவர்களோடு ஆஸ்கரும் வண்டியிலிருந்து இறங்கினான். கார்பெரியின் புதுச் சீருடை. என்னைக் கடந்துபோனான். தலை திரும்பவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் கேட்காது என்பது வேறு. எந்த முகத்தோடு அவன் எதிரில் போய் நிற்பது?

மட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் இடது களத்துக்காரன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். "நீங்கதான் அமோஸா? எனக்கும் எங்காளு ஒருத்தனுக்கும் ஆஸ்கரோட கைப்பேச்சு கத்துக்கணும். அவரே சொல்லித்தந்தா வேகமா போறாரு, எங்களுக்குப் பிடிபடல. உங்களக் கேக்கச் சொன்னாரு."

"அவரா சொன்னாரு?"

"ஆமா. உங்க அளவுக்கு யாருக்கும் நல்லா வராதுன்னு எழுதிக் காட்டினாரு."

ஆஸ்கர் என் முகத்தில் துப்பியிருந்தால்கூட இப்படிக் கூசியிருக்காது.

அவர்கள் இருவரையும் வேலிக்குப் பின்னால் புல்லில் உட்காரவைத்து சொல்லிக்கொடுத்தேன். எழுத்துகளில் தொடங்கினோம். ஒருவனுக்கு விரல் வளையவே இல்லை. பிடித்து மடக்கிவிட வேண்டியிருந்தது. ஆஸ்கர் தூரத்தில் பந்தைச் சுவரில் எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. ஆட்டம் தொடங்க மணி அடிக்கும்வரை சொல்லிக்கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமையும் வருகிறார்களாம்.