உன் பெயர் போடாத கட்டுரை

மேசை இழுப்பறையில் துணி சுற்றிய கண்ணாடித் தகடு ஒன்று இன்று கையில் பட்டது. பிரித்ததும் லேசாக அயோடின் வாடை. ஆஸ்பத்திரியில் புண்ணைத் துடைப்பார்களே, அந்த வாடை. நாவல்பழச் சாற்றில் ஊறவைத்து நீ செய்த சூரிய மின்கலம். அன்று கருநீலமாக இருந்தது. இன்று பழைய டீக்கறை மாதிரி இருக்கிறது.

உன் விஷயமாகத்தான் இழுப்பறையைத் திறந்தேன். கல்லூரியில் உன் நினைவாக ஓர் ஆய்வுத் தொகுதி போடுகிறார்கள். மருத்துவம், சூரிய ஆற்றல் பொருள்கள், வணிக உத்தி எல்லாம் ஒரே அட்டைக்குள். தொகுப்பவள் நான். நம் ஆட்கள் தீபாவளிப் பலகாரம் மாற்றிக்கொள்வது போல ஒருவர் கட்டுரையில் இன்னொருவர் பெயரைப் போட்டுக்கொள்வது உனக்குத் தெரியும். மேலாண்மைத் துறைக்காரர் இந்த முறை உன்னையும் சேர்த்திருக்கிறார். கிராமத்து மருத்துவமனைகளுக்குச் சூரியப் பலகை விற்கும் உத்தி பற்றிய கட்டுரை. முதல் பெயர் உன்னுடையது. நீ போன பிறகுதான் அவர் அதை எழுதவே ஆரம்பித்தார்.

"ஒரு மரியாதைதானே மேடம். நீங்க சைன் பண்ணா முடிஞ்சிடும்" என்றார். முடிந்துவிடும்தான். எனக்கும் இப்போதெல்லாம் யாரோடும் வாதாடத் தெம்பில்லை. தாளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

திண்டிவனத்து வெயிலில் கல்லூரி மொட்டைமாடி எப்படிக் கொதிக்கும். மற்றவர்கள் ஏசி அறையில் தகட்டுக்கு விளக்கைக் காட்டி, முதல் நாள் மின்சார அளவை மட்டும் எழுதிக்கொண்டு கட்டுரையை முடித்தார்கள். நீ மட்டும் தகட்டை மாடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் குடை பிடித்து உட்கார்ந்திருப்பாய். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் நான் நேரே அங்கேதான் ஏறி வருவேன்.

"அதுக்கு வெயிலு, ஒனக்குக் கொடையா?"

"அது வேல செய்யுதுப்பா. நா பாத்துக்கினுதான இருக்கேன். இந்தா, மல்லாட்டை துன்னு" என்று வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டுவாய்.

நாளாக ஆக நிறம் வெளுத்தது, மின்சாரமும் குறைந்தது. வெளுத்த பிறகு எடுத்த அளவுகளை நீக்கிவிட்டு முதல் நாளை மட்டும் அனுப்பச் சொன்னார் அப்போதைய துறைத்தலைவர். நீ நீக்கவில்லை. கட்டுரை போன இடத்திலிருந்தெல்லாம் திரும்பி வந்து, கடைசியில் அதிகம் பேர் படிக்காத ஓர் இதழில் வெளியானது.

யார் எந்த எண்ணைச் சொன்னாலும் நீ கேட்பது ஒன்றுதான்: "நீ பாத்தியா?" அதில் கோபம் இருக்காது, தெரிந்துகொள்ளத்தான் கேட்பாய். ஆனாலும் ஸ்டாஃப் ரூமில் "பாத்தியா மேடம் வர்றாங்க" என்று கிண்டல் செய்தார்கள். முண்டியம்பாக்கத்து வார்டில் படுத்திருந்தபோதும் விடவில்லை. உன் ரத்த அழுத்தத்தைச் சொன்ன சின்ன டாக்டரிடம், "நீங்களே பாத்தீங்களா சார்?" என்றாய்.

"பாத்தேம்மா. ரெண்டு வாட்டி."

"அப்ப சரி."

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நேற்று ஒலக்கூரிலிருந்து உன் தம்பி பேசினான். "எங்க அக்கா பேரு புக்குல மொதல்ல வருதாமேக்கா. வந்ததும் ஃபிரேம் போட்டு வூட்ல மாட்டணும்னு அம்மா சொல்லிக்கினே இருக்காங்க."

அந்தக் கட்டுரையை நீ எழுதவில்லை என்றேன். "செத்துப் போனவளுக்கு இதுகூடக் கூடாதாக்கா?" என்றான். உனக்காக உன் வீட்டாரையே நோகடிக்கிறேனோ என்று இரவு முழுக்கப் புரண்டேன்.

காலையில் உன் பெயரை அடித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். மேலாண்மைத் துறைக்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். உன் பழைய கட்டுரையை, வெளுத்த அளவுகளோடு சேர்த்து, பிரதியெடுத்துத் தம்பிக்குத் தபாலில் அனுப்பினேன். அதை அவன் ஃபிரேம் போடுவானா, தெரியவில்லை.

இப்போது பிள்ளைகள் ஓர் எண்ணோடு வந்து நின்றால் என் வாயிலிருந்தும் உன் கேள்விதான் வருகிறது. அவர்களுக்கு என்னைப் பிடிப்பதில்லை.

மாலையில் உன் தகட்டை ஜன்னலில் வெயில் படும்படி வைத்து மீட்டரை இணைத்தேன். பூச்சியம். கம்பியை அழுத்தி இன்னொரு முறை வைத்தேன். பூச்சியம்தான்.

நானே பார்த்தேன்ப்பா. ரெண்டு வாட்டி.