எடுத்துவிட்ட நீலக்கோடு

ஜனவரி 9
பள்ளிக்கூடக் கூரையில் நான் பார்த்துக்கொள்ளும் வானிலைக் கருவியைப் பார்க்க வட்டாரத்திலிருந்து அதிகாரி வந்தார். வரைபடத்தில் சிவப்புக் கோடு வெப்பநிலை. அதற்குக் கீழே நீலம் – காற்றோடு சேர்ந்து தோலில் உறைக்கும் குளிர். "ஒரு ஊருக்கு ரெண்டு டெம்பரேச்சரா டீச்சர்? எதை நம்புறது?" என்று சிரித்தார். மற்ற ஆசிரியர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அவர் கார் கிளம்புவதற்குள் நீலக்கோட்டை எடுத்துவிட்டேன்.

ஜனவரி 10
படம் பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. போனில் ஊர்க் குழுவில் போட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஜனவரி 14
தோலேகென் அண்ணா ஆடுகளோடு மேட்டுக்குப் போயிருக்கிறார். முள்கம்பியில் மாட்டிய ஆட்டை விடுவிக்கக் கையுறையைக் கழற்றினாராம். விரல்கள் வெளுத்து மரத்துவிட்டன. கோஸ்தனாய் நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.
காலையில் மைனஸ் பதினெட்டு. காற்றோடு கணக்குப் போட்டேன் – மைனஸ் முப்பத்து மூன்று. அவர்கள் வீடு பள்ளத்தில். அங்கே காற்றே தெரியாது.

ஜனவரி 15
கடையில் அவர் மனைவி ஷாரிபா அக்கா. "போன்ல பாத்துட்டுத்தான் போனாரு. அந்தக் கீழ்க்கோடு எங்க போச்சு டீச்சர்?"
"காத்தை அளக்குற கருவி உறைஞ்சுபோச்சுக்கா."
பொய். எவ்வளவு சுலபமா வந்துச்சு வாயில!
அவர் என் தோளைத் தட்டி, "விடுங்க, இந்தக் குளிர்ல இரும்பு மட்டும் என்ன செய்யும்" என்றார்.

ஜனவரி 18
அண்ணாவுக்கு வலக்கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

ஜனவரி 19
நீலக்கோட்டைத் திரும்பப் போட்டேன். 'ரிப்பேர் ஆயிடுச்சா? நன்றி டீச்சர்' என்று குழுவில் வரிசையாக வருகிறது. நன்றியாம். போனைக் கவிழ்த்து வைத்தேன். என்ன பொம்பளை நான்?

ஜனவரி 27
அண்ணா வீடு திரும்பிவிட்டார். போய் நடந்ததையெல்லாம் சொன்னேன், பொய்யையும் சேர்த்து. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "எவனோ சிரிச்சதுக்கா?" – அவ்வளவுதான்.
அக்கா எனக்கு ஊற்றியிருந்த தேநீரை எடுத்து வாளியில் கொட்டினார். "உன்னையா நான் தோளைத் தட்டித் தேத்துனேன்?"
வாசல்வரைகூட யாரும் வரவில்லை.

ஜனவரி 30
தலைமையாசிரியர்: "ஏன் போய்ச் சொல்லித் தொலைச்சீங்க? யாரும் கேக்கலையே."


பிப்ரவரி 6
விடியுமுன் போன். ஷாரிபா அக்கா. இப்போது அவர்தான் ஆடு ஓட்டுகிறார். நலம் விசாரிக்கவில்லை.
"மேட்டுல காத்தோட எவ்வளவு?"
இரண்டு முறை பார்த்துவிட்டுச் சொன்னேன். "மைனஸ் முப்பத்தொண்ணு. இன்னைக்கு வேணாங்க்கா."
வைத்துவிட்டார்.
வெளிச்சம் வரும்வரை ஜன்னலில் நின்றேன். கீழே பள்ளத்தில் அவர்கள் ஆட்டுப்பட்டி திறக்கவில்லை. அக்கா வேலிக்கு மேலாக வைக்கோலை வாரி உள்ளே போட்டுக்கொண்டிருந்தார்.