ஓட்டு மாற்றிக்கொண்ட கதை

பாஸ்டன்
அக்டோபர் 8, 2000

அன்புள்ள வெர்ன்,

நலமா? அக்கா க்ளாடியா வீட்டு மாடியில் நான் நலம். முட்டி வலிக்கு மருந்து போடுகிறாயா, அல்லது புட்டியை அலமாரியில் அழகு பார்க்கிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். நீ பசுமைக் கட்சி, நான் ஜனநாயகக் கட்சி. இதற்காக நம் வீட்டில் தட்டுகூடப் பறந்திருக்கிறது. இந்த ஜனாதிபதித் தேர்தலில் சண்டை வேண்டாம். மாநிலம் மாநிலமாகத்தானே ஜெயிக்க வேண்டும்? நான் இப்போது பெயர் பதிந்திருக்கிற இந்த ஊரில் என் கட்சி எப்படியும் ஜெயிக்கும், என் ஒரு ஓட்டு கடலில் கரைத்த பெருங்காயம். உன் விஸ்கான்சினிலோ இழுபறி. நீ உன் ஆளுக்குப் போட்டால் எவன் ஜெயிப்பான் தெரியுமா? நம் இருவருக்குமே பிடிக்காத அந்த மூன்றாவது ஆசாமி.

உன் கட்சிக்கு வேண்டியது நாடு முழுக்கச் சேர்த்து நூற்றுக்கு ஐந்து ஓட்டு. அது கிடைத்தால் அடுத்த தேர்தலுக்கு அரசாங்கமே பணம் தரும் என்று நீதானே தினம் தினம் ஓதினாய்? அதற்கு எந்த ஊர் ஓட்டானால் என்ன? ஆகவே நீ அங்கே என் ஆளுக்குப் போடு, நான் இங்கே உன் ஆளுக்குப் போடுகிறேன். இப்படி மாற்றிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம், பேப்பரில் படித்தேன்.

க்ளாடியா சிரிக்கிறாள். "அவன் சரின்னுதான்டி சொல்லுவான். உள்ள போய் அவன் இஷ்டத்துக்குக் குத்திட்டு வந்து, உனக்குத்தான் போட்டேன்னு சத்தியம் பண்ணுவான்" என்கிறாள். நீ என்ன சொல்கிறாய்?

அன்புடன்,
டோரீன்


கிரீன் பே
அக்டோபர் 15, 2000

என் அன்பு டோரீன்,

உன் கடிதத்தை வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்குச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அது என் தப்புதான். என் சிநேகிதன் ஆர்வில், உன் கட்சிக்காரன், அதைப் பிடுங்கி மதுக்கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்துவிட்டான். "ஓட்டைப் பிரிக்கிற மகராசா! பொண்டாட்டி சொல்றதையாவது கேளுடா. உன்னால இந்த நாடே குட்டிச்சுவராப் போகப்போகுது" என்று கத்தினான். நானும் விடவில்லை. "ஏன்டா, இருபது வருஷமா ஆத்து மீனத் திங்காதேன்னு போர்டு தொங்குது. ரெண்டு கட்சிக்காரனும் கரையில நின்னு போட்டோ புடிச்சதுக்கு மேல என்னத்தக் கிழிச்சான்? பயந்து பயந்தே போட்டா என் கட்சி எப்படா வளரும்?" என்றேன். அவன் என் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை எடுத்துத் தின்றான்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த ஆசாமி வந்தால் ஆறு இன்னும் நாறிவிடும். நீ கேட்டு நான் எதை மறுத்தேன்? சரி, டோரீன். நீ சொன்னபடியே போடுகிறேன்.

முட்டி பரவாயில்லை. நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது. இதை எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதிவிட்டேன்.

உன்
வெர்ன்


பாஸ்டன்
அக்டோபர் 23, 2000

அன்புள்ள வெர்ன்,

உன் கடிதம் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிஷமே அதை மறுபடி பிரித்துப் படித்தேன். காரணம், அந்தச் "சரி".

படகை விற்கச் சொன்னேன், சரி என்றாய். நாலு வருஷம் உன் தம்பி கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. சிகரெட்டை விடு என்றேன், சரி என்றாய். கொல்லைப்புறத்தில் துண்டு பொறுக்கினேன். நீ குடிகாரனா, அடிக்கிறவனா? ஒன்றும் இல்லை. என் முகம் சுருங்கக் கூடாதென்று தேனாகப் பேசுவாய், பிறகு உன் வழியில் போவாய். எது நிஜம் எது சமாதானம் என்று தெரியாமல் இருபத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணிக் களைத்துத்தான் வெர்ன், நான் பெட்டியைத் தூக்கினேன்.

திரும்பி வருவதா வேண்டாமா என்று வருஷக் கடைசிக்குள் சொல்கிறேன் என்றேன் அல்லவா? அதற்கும் ஓட்டுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் சம்பந்தம் உண்டு. ஓட்டுப் போடுகிற அந்தத் தட்டி மறைப்புக்குள்ளே உன்னை யாரும் பார்க்க முடியாது. இந்த ஒரு சொல்லையாவது நம்ப முடியுமா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

என் பங்குக்கு நான் தயார். எங்கள் கட்சி ஆபீசில் சொன்னால் என்னைக் கொன்றே போடுவார்கள்.

டோரீன்


கிரீன் பே
நவம்பர் 8, 2000

டோரீன்,

ஃபுளோரிடாவில் இன்னும் முடிவு தெரியவில்லையாம், நாடே வானொலியைக் கட்டிக்கொண்டு கிடக்கிறது. இங்கே உன் ஆள் சில ஆயிரம் ஓட்டில் தலை தப்பினார். அதில் என் ஓட்டு இல்லை.

ஆமாம். நான் என் கட்சிக்கே போட்டுவிட்டேன்.

ஓட்டுச்சாவடி போட்டிருந்த தீயணைப்பு நிலையத்துக்கு உன் ஆளுக்குப் போடத்தான் போனேன், சத்தியமாக. பெயருக்கு எதிரே இருக்கிற உடைந்த அம்புக்குறியைக் கோடு போட்டுச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பென்சில் முனையை உன் ஆள் பெயருக்குப் பக்கத்தில் வைத்தேன். கை நகரவில்லை. வெளியே ஓட்டர் பட்டியலோடு உட்கார்ந்திருந்த லிண்ட்குவிஸ்ட் அம்மா குரல் கொடுத்தாள்: "ஏம்ப்பா வெர்ன், உள்ளயே குடித்தனம் வெச்சிட்டியா? பின்னாடி பதினோரு பேர் நிக்கிறாங்க!" எல்லாரும் சிரித்தார்கள். நான் சட்டென்று என் ஆளுக்கு நேரே கோட்டை இழுத்தேன். அத்தனை வருஷம் என் கட்சிக்காக வீடு வீடாகக் கதவைத் தட்டியவன் நான். இன்னொருத்தன் பெயருக்குக் கோடு போட என்னால் ஆகவில்லை.

வந்ததும் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். "சொன்னபடி செய்துவிட்டேன், டோரீன்" என்று. ரொம்பச் சுலபமாக வந்தது. உனக்குத் தெரியவே போவதில்லை, நீயும் வந்துவிடுவாய். தபால்தலை கூட ஒட்டிவிட்டேன். ஆனால் பெட்டியில் போட மனம் வரவில்லை. பொய் சொல்லி உன்னை வரவழைத்தால், நீ மறுபடி போவதற்குத்தானே வருவாய்? கிழித்துவிட்டேன்.

உன் ஆள் இங்கே ஒரே ஓட்டில் தோற்றிருந்தால் உன் முகத்தில் எப்படி விழித்திருப்பேனோ தெரியாது. முதலிலேயே "முடியாது" என்று எழுதியிருக்க வேண்டும். என் தப்பு. இனி உன் இஷ்டம்.

வெர்ன்


பாஸ்டன்
நவம்பர் 13, 2000

அடப்பாவி வெர்ன்,

நான் போட்டேனடா! சொன்னபடியே உன் ஆளுக்குப் போட்டேன். ஆக உன் ஆளுக்கு நம் வீட்டிலிருந்து இரண்டு ஓட்டு, என் ஆளுக்குப் பட்டை நாமம். அப்படியும் உங்களுக்கு நூற்றுக்கு மூன்று கூடத் தேறவில்லை. நன்றாக வேண்டும்.

படித்ததும் நான் போட்ட கூச்சலில் க்ளாடியா அடுப்பை விட்டு ஓடி வந்தாள். கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். "பாத்தியா? நான் அப்பவே சொல்லல?" என்றாள்.

"நீ சொன்னது பாதிதான் பலிச்சுது. அவன் இஷ்டத்துக்குக் குத்துவான்னு சொன்ன, குத்தினான். உனக்குத்தான் போட்டேன்னு சத்தியம் பண்ணுவான்னு சொன்னியே, அத எங்க பண்ணினான்?" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுப்புக்குப் போனாள். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

எனக்குப் பிடிக்காத ஒன்றை நீயாக வந்து சொன்னது இதுதான் முதல் தடவை. அதுவும் நான் கண்டுபிடிக்கவே முடியாத ஒன்றை. அதற்காக ஓட்டு விஷயத்தில் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. சாகிறவரை சொல்லிக் காட்டுவேன்.

நன்றித் திருநாளுக்கு முந்தைய நாள், இருபத்திரண்டாம் தேதி, சாயங்காலப் பேருந்தில் வந்து இறங்குகிறேன். இரண்டு பெட்டி, ஒரு தையல் இயந்திரம். ஆர்விலை வண்டியோடு கூட்டிக்கொண்டு வா. போகிற வழியில் லிண்ட்குவிஸ்ட் அம்மாவைப் பார்த்து, என் பெயரை அந்த ஊர்ப் பட்டியலில் திரும்பச் சேர்க்க என்ன காகிதம் வேண்டும் என்று கேட்டு வை. இனி நானும் மறுபடி விஸ்கான்சின்காரி. அடுத்த தேர்தலில் உன் ஓட்டு உனக்கே இருக்கட்டும், என் ஓட்டை நானே அங்கே வந்து போட்டுக்கொள்கிறேன்.

உன்
டோரீன்